வடிவாம்பாளின் பொலிகிடா

எங்கள் சின்னம்மா வடிவாம்பாளுக்கு வாயும் அதிகம், சிரிப்பும் அதிகம். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் மலாக்காவே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வெளுத்துக் கிடந்தபோது, காஜா பெராங் கிராமத்தில் அவள் ஆட்டுப்பட்டி மட்டும் கலகலத்தது. ஆனால் செம்மறிகள் ஈத்துக்கு ஈத்து சிறுத்துக்கொண்டே வந்தன. ஏன் என்று அவள்தான் கண்டுபிடித்தாள்.

எல்லாம் எங்கள் ஆட்கள் அடிக்கிற கூத்து. எந்தக் கிடா கொழுத்து நிற்கிறதோ அதை முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டு, ஆடியில் வெட்டித் தின்றுவிடுவோம். மிஞ்சிய சோதாதான் பெட்டைகளோடு சேரும். “தாயைப் போல பிள்ளைன்னு வாய் கிழியப் பேசுறீங்களே, அப்பனைப் பத்தி யாராச்சும் யோசிச்சீங்களா?” என்று கேட்டாள். விதைநெல்லைக் குத்திப் பொங்கல் வைக்கிற கூட்டத்துக்கு அது காதில் ஏறுமா?

அந்த வருஷம் ஒரு ராட்சசக் கிடா வாய்த்தது. விரிந்த நெஞ்சு, பலகை முதுகு. அது ஒரு பெட்டையோடு சேருமுன்பே அவள் புருஷன் மருதப்பன் நேர்ந்துவிட்டார். போனவர் திரும்பாத சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றப்பட்டு, காய்ச்சலென்று இறக்கிவிடப்பட்டவர் அவர். “எம் உசிருக்குப் பதில் இது, வடிவு” என்றார். அவர் பயம் நிஜம். கிடா போனால் பட்டியே போச்சு என்பதும் நிஜம்.

பூசையன்று விடிந்ததும் சின்னம்மா தேங்காயெண்ணெயை எடுத்தாள். மனுஷர் தலைக்கே எண்ணெய் கிடைக்காத காலத்தில் கிடாவுக்குக் காது முதல் வால் வரை எண்ணெய்க் காப்பு!

கோயிலில் ஊரே வாழையிலையோடு எச்சில் ஊறக் காத்திருந்தது. மஞ்சள்தண்ணீர் தெளித்தால் கிடா உடம்பை உதறித் துளுக்க வேண்டும், அதுதான் சாமி உத்தரவு. பூசாரி விநாயகம் தெளித்தார். தண்ணீர் வழுக்கி ஓடியது. செம்பைக் கவிழ்த்தார். குடத்தையே கவிழ்த்தார். கிடா தன் கழுத்து மாலையை நிதானமாக மென்றது. “துளுக்குடா, அப்பனே!” என்று கூட்டத்தில் யாரோ கெஞ்சினார்கள். சின்னம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

“சாமிக்கு மனசில்ல மருதப்பா, வேற கொண்டா” என்றார் பூசாரி. சோதா ஒன்று வந்தது. ஆளுக்கு ஒரு எலும்பு கிடைத்தது.

வீட்டில் மருதப்பன், சாமி கைவிட்டுவிட்டது, லாரி மறுபடி வரும் என்று அழுதார். சின்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய் விஷயத்தைக் கொட்டிவிட்டாள். “ஏங்க, உங்களைத் திருப்பி அனுப்புன சாமி ஒரு வருஷம் பொறுக்காதா? அடுத்த ஆடிக்கு இதோட மகன் சாமிக்குத்தான்.” கோபமாக எழுந்தவர், மாலை மென்ற கிடாவை நினைத்து, அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார்.

குட்டிகள் விழுந்தன. அரை வருஷத்துக்குள் அப்பனைப் போலவே நெஞ்சு விரித்து நின்றன. மருதப்பனே அவற்றின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆடிக்கும் ஜப்பான்காரன் போகவில்லை. பட்டிக்கு வந்த பூசாரி, இருப்பதிலேயே பெரிய கிடாவைக் கைகாட்டினார்.

“அது விதைக்குய்யா” என்றார் மருதப்பன். அதை ஆளுயர லாலான் புல்லுக்குள் விரட்டிவிட்டு, அதற்கு அடுத்த பெரிய குட்டிக்கிடாவைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.