அவர் மாற்றிப் படித்த முடிவு

டயாலிசிஸுக்கு ஆளை உள்ளே அனுப்பிவிட்டால் கூட வந்தவர்களுக்கு வேலை எதுவும் இல்லை. ஆனால் எங்கேயும் போகவும் முடியாது. வராந்தாவில் போட்டிருக்கும் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். குவைத்தில் பல வருடம் வண்டி ஓட்டிய என் கணவர் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்க் காரைக்காலுக்குத் திரும்பியதிலிருந்து என் பொழுது பெரும்பாலும் அங்கேதான் கழிகிறது. வந்த புதிதில் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்க்க வந்தார்கள். இப்போது யாரும் வருவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்கும் தெம்பு எனக்கில்லை.

கையில் ஒரு நாவல் வைத்திருப்பேன். வேறொரு இந்திய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்பு முதலில் படித்தேன். அதற்குப் பிறகு எத்தனை முறை என்று நினைவில்லை. புதுக் கதையைப் பிடித்துக்கொண்டு போக மனசில் தெம்பு இல்லாத நாட்களில், தெரிந்த கதைதான் சௌகரியம்.

பக்கத்து நாற்காலியில் வழக்கமாக உட்காருபவர் வரிச்சிக்குடிக்காரர். நிலம் வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர். அவர் மனைவிக்கும் என் கணவருக்கும் ஒரே நாளில்தான் முறை. சர்க்கரையால் அந்த அக்காவுக்குக் கண்பார்வையும் போய்விட்டிருந்தது. ஒருநாள் அவர், தன் மனைவி முன்பு வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றையும் விடமாட்டாள் என்றும், இப்போது டி.வி. சத்தம் பிடிக்கவில்லை என்கிறாள் என்றும் சொன்னார். படித்துக் காட்டலாம் என்று பார்க்கிறேன், நல்லதாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டார்.

கையிலிருந்ததையே நீட்டினேன். என்ன கதை என்றார். மலையூர் ஒன்றில் ஒரு பெரிய குடும்பம், அந்த வீட்டுப் பெண் யாரை விரும்பக் கூடாதோ அவனை விரும்பி வீட்டைவிட்டுப் போகிறாள், அதற்குப் பிறகு அந்த வீடு என்ன ஆகிறது என்பதுதான் கதை என்றேன். இதைப் படித்தால் யார் மேலும் கோபம் வராது, எல்லோர் மேலும் இரக்கம்தான் வரும் என்றும் சொன்னேன். அவர் அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு வாங்கி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

அவருக்கு வேகமாகப் படிக்க வராது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விரலை வைத்து வரி வரியாகப் படிப்பாராம். மழை தொடங்கிய நேரத்தில் முக்கால்வாசி வந்திருந்தார். அப்போது கேட்டார்:

"ஏம்மா, அந்தப் பொண்ணு கடைசியில வீட்டுக்கு வருதா?"

சுற்றி வளைத்துப் பேச அன்று எனக்கு முடியவில்லை. இல்லை, வரமாட்டாள், தாய் வழியைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடிவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது, உள்ளே போகக் காத்திருந்த அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"கதை முடிஞ்சிருச்சு தங்கச்சி. அந்தப் பொண்ணு வந்துட்டாளாம். அப்பாவே பஸ்ஸ்டாப்புல போய் நின்னு கூட்டிக்கிட்டு வர்றாராம். புத்தகத்துல அப்படித்தான் இருக்கா?"

அவர் வருகிறாரா என்று மருந்துக்கடைப் பக்கம் பார்த்தேன்.

"நீங்க சொல்ல வேணாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனுஷன், அந்தக் கடைசிய மட்டும் தங்குதடையில்லாம சொன்னாரு. அதுவும், வாய்க்கால்ல மேட்டூர் தண்ணி வந்து சேர்ந்த அன்னைக்குப் பொண்ணு வந்தாளாம். மலையில ஏதுங்க மேட்டூர் தண்ணி?"

அக்கா சிரித்தார். பிறகுதான் சொன்னார். அவர்களுக்கு ஒரே மகள். கருக்களாச்சேரி மீனவர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று கணவர் சொல்லிவிட்டதால், நோய் வந்ததைக்கூட அவளுக்குத் தெரிவிக்கவில்லை. காரைக்காலில் எந்த ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் தெரியும். எங்கள் சொந்தத்திலும் இப்படிக் கதவடைத்த வீடுகள் உண்டு என்பதால் எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

"அவரா வாயைத் திறந்து கூப்பிட மாட்டாரு. ஆனா மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க ஒரு எட்டு போய் அவகிட்ட சொல்லுங்க."

கணவரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, கால் வலியோடு சாயங்காலம் அந்தக் கடைக்குப் போனேன். முகத்தைப் பார்த்ததுமே மகள் யாரென்று தெரிந்துவிட்டது. தாயின் நெற்றி அப்படியே இருந்தது. நான் சொன்னதைப் புடவை மடித்துக்கொண்டே கேட்டாள். அம்மாவின் உடம்பைப் பற்றிச் சொன்னபோது அவள் கை நின்றது. அப்பா வரச் சொன்னாரா என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். இல்லை, ஆனால் ஒரு கதையின் முடிவை உனக்காக மாற்றியிருக்கிறார் என்று விவரமாகச் சொன்னேன். பாதியிலேயே அவள் உள்ளறைக்குப் போய்விட்டாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த டயாலிசிஸ் நாளைக்கு விடுப்புச் சொல்கிறேன் என்றாள்.

சொன்னபடி அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு எல்லாம் வீண் அலைச்சல் என்றுதான் தோன்றியது.

அக்காவை வெளியே கொண்டுவந்தபோது அவர் ஆட்டோவோடு வந்து நின்றார். மகள் தாயின் ஒரு கையைப் பிடித்திருந்தாள். தாய் அவள் முகத்தை விரல்களால் தடவிக்கொண்டே நடந்தார். அப்பா மறு கையைப் பிடித்தார். மூவரும் வராந்தா விளிம்புக்கு வந்தார்கள்.

"அந்தப் பக்கம் படி இருக்கு. பாத்துப் புடி" என்றார் மகளிடம்.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

இப்போது கடை விடுமுறை நாட்களில் மகள்தான் அக்காவை அழைத்து வருகிறாள். அப்பாவும் மகளும் மருந்து, சாப்பாடு பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள். உப்பு விஷயத்தில் சண்டைகூடப் போடுகிறார்கள். மருமகன் பைக்கோடு கேட்டுக்கு வெளியே நிற்பான். அவர் அவனைப் பார்க்காதவர் போல் கடந்து போவார். இருவரையும் வீட்டுக்கு இன்னும் அழைக்கவில்லை. அழைப்பார் என்கிறார் அக்கா. எனக்குத் தெரியவில்லை. சென்ற வாரம் இதைப் பற்றி வரிச்சிக்குடிக்காரரிடமே கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் நர்ஸ் வந்து, என் கணவருக்கு டயாலிசிஸ் முடிந்துவிட்டது, தலை சுற்றுகிறது என்கிறார், வாங்க என்றாள். எழுந்து உள்ளே போனேன்.