ஷெரிஃப் கொடுத்த அட்டை

சித்தப்பாவின் கத்தியை நான் சட்டப்படிதான் வாங்கினேன். திருப்பிக் கொடுக்காததுதான் குற்றம். இதைச் சொல்ல இத்தனை காலம் எடுத்ததற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை. என் தலை நரைத்துவிட்டது. இதைக் கேட்டிருக்க வேண்டியவர்களும் போய்விட்டார்கள்.

அந்தச் சட்டம் அமெரிக்காவிலிருந்து வந்தது. நாங்கள் அப்போது நியூசிலாந்தின் ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாமில் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிறு பிற்பகல்களில் தொலைக்காட்சியில் குதிரைக்காரர்களின் படம் போடுவார்கள். கைக்குழந்தையைத் தவிர எல்லோர் இடுப்பிலும் சுடத் தயாராக ஒரு துவக்கு இருக்கும். எங்கள் வகுப்பு ஆசிரியை அது உண்மையில்லை என்றார். அந்தக் காலத்து எல்லைப்புற ஊர்கள் பலவற்றில் துவக்கோடு நடமாடத் தடை இருந்ததாம். ஊருக்குள் வருகிறவன் அதை ஊர்க்காவல் அதிகாரியான ஷெரிஃபின் அலுவலகத்திலோ தங்குவிடுதியிலோ ஒப்படைத்து அடையாள அட்டை ஒன்றை வாங்கிக்கொள்வானாம். ஊரை விட்டுப் போகும்போது அட்டையைக் காட்டித் திரும்பப் பெறுவானாம். ஆயுதத்தைக் கொடுத்தவனைக் காப்பது அதன் பிறகு ஊரின் பொறுப்பு என்றும் அவர் சொன்னார். எனக்கு முதற்பாதிதான் மனதில் நின்றது.

படத்தை நம்புவதா, ஆசிரியையை நம்புவதா என்று சில நாள் குழம்பினேன். பிறகு எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. வருகிறவர்கள் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள், போகும்போது போட்டுக்கொண்டார்கள். அமெரிக்கர்கள் சப்பாத்தோடு உள்ளே போய்த் துவக்கைக் கழற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பால் போத்தலின் வெள்ளி மூடிகளை அட்டையில் ஒட்டி நட்சத்திரம் செய்து சட்டையில் குத்திக்கொண்டேன். காலியான பிஸ்கட் தகரம் அலுவலகமானது. சனிக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் சப்பாத்தோடு ஆயுதத்தையும் கழற்ற வேண்டியிருந்தது. குடை, லைட்டர், நகவெட்டி எல்லாம் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் எண் எழுதிய அட்டை கொடுத்தேன். மாமாக்கள் இலங்கையில் நடந்த கலவரத்தைப் பற்றிக் கதைக்கவே வருவார்கள். ஆனாலும் என்னிடம் அட்டை வாங்கும்போது கொஞ்சம் சிரித்தார்கள். அதனால் அம்மாவும் என்னைத் தடுக்கவில்லை.

சித்தப்பா எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து தப்பி வந்து எங்களோடு இருந்தார். தற்காலிக விசா. அதை நீட்டிக்க விண்ணப்பித்துவிட்டு, தபால்காரன் வரும் நேரமெல்லாம் யன்னலருகே நிற்பார். இந்த நாட்டில் அவர் முதலில் வாங்கிய பொருள் ஒரு மடக்குக்கத்தி. இரும்புச் சாமான் கடைக்காரர் அதைச் சிரித்த முகத்தோடு கடதாசியில் சுற்றிக் கொடுத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். பகலில் அது காற்சட்டைப் பையில் இருக்கும், படுக்கும்போது தலையணைக்கு அடியில்.

அப்படிப்பட்ட ஒருவர் ஊருக்குள் இருக்கும்போது ஷெரிஃப் சும்மா இருக்க முடியுமா? ஒருநாள் வேலை முடிந்து வந்தவரை வாசலில் மறித்தேன். அவர் விளையாட்டாகக் கையை உயர்த்தினார். பிறகு கத்தியை எடுத்துக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"ஐயாவின்ரை துவக்கையும் இப்பிடித்தான் வாங்கினவை," என்றார்.

ஐயா என்றது என் அப்பப்பாவை. வயலுக்கு வரும் பன்றியை வெருட்ட அவர் அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு வைத்திருந்தாராம். எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதும், எண்ணெய் பூசித் துடைத்து, தானே பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தாராம். பற்றுச்சீட்டாக ஒரு துண்டு கொடுத்தார்களாம். துவக்கு திரும்பி வரவேயில்லை. கடைசிவரை அந்தத் துண்டைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாராம்.

"நீங்கள் திருப்பித் தருவியளோ, ஷெரிஃப் ஐயா?"

"ஊரை விட்டுப் போகேக்கை தருவன். அதுதான் சட்டம்."

அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட்டபோது, இதுவும் ஊரை விட்டுப் போவதுதானே என்று வாதாடிப் பார்த்தார். பின்னேரம் திரும்பி வருகிறவனுக்கு இது பொருந்தாது என்று தீர்ப்புச் சொன்னேன். அன்றிரவு முதல் அவருடைய அறையில் விடியும்வரை விளக்கு எரிந்தது. கரண்ட் காசு கூடுகிறதென்று அம்மா முணுமுணுத்தார். விளக்கையும் கத்தியையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கொழும்பில் அவர் கூரைக்குள் ஒளிந்திருந்ததையும், கீழே வீட்டை உடைத்தவர்களின் குரல்களைக் கேட்டுக்கொண்டு வெறுங்கையோடு கிடந்ததையும் அம்மா எனக்குச் சொன்னது பல வருடங்கள் கழித்து.

அது வாத்து வேட்டைக் காலம். பக்கத்து வீட்டுக்காரர் நீளத் துவக்கைப் பட்டப்பகலில் காரின் பின்பெட்டியில் வைத்துவிட்டு எங்களுக்குக் கைகாட்டினார். வீதியில் போன பொலிஸ்காரரின் இடுப்பிலோ துவக்கே இல்லை. இது எந்தச் சட்டம் என்று எனக்கு விளங்கவில்லை. வகுப்புப் பையன்களிடம் நான் எங்கள் வீட்டு ஷெரிஃப் என்றேன். ஒருவனும் நம்பவில்லை. அதனால் கத்தியைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

மதிய இடைவேளைக்கு முன்பே தலைமை ஆசிரியரின் மேசைக்கு முன்னால் நின்றேன். யாருடையது என்று கேட்டார். சித்தப்பா தந்தது என்றேன். அது உண்மை. பள்ளிக்குக் கொண்டுபோகச் சொன்னதும் அவரா என்று கேட்டார். நான் ஆம் என்று தலையாட்டினேன்.

இங்கே எழுத வேண்டியது அந்தத் தலையாட்டல்தான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

மவுண்ட் வெல்லிங்டனில் தொழிற்சாலை வேலையில் இருந்த அப்பாவை அழைத்தார்கள். இந்த முறை பொலிசுக்கு அறிவிக்கவில்லை, ஆனால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இப்படியொருவர் இருப்பது நல்லதல்ல என்று தலைமை ஆசிரியர் சொன்னார். அப்பா கத்தியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் கடலோரத்திலுள்ள ஒனிஹங்காவுக்குக் காரை விட்டார். பாலத்தில் மீன் பிடிக்கிறவர்களைத் தாண்டி நடந்துபோய் அதைக் கடலுக்குள் எறிந்தார். திரும்பும் வழியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு அவர் இறக்கும்வரை சொல்லவில்லை.

அன்று பின்னேரம் சித்தப்பா வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அப்பா தொடங்கினார்.

"சின்னப் பிள்ளையிட்டைக் கத்தியைக் குடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பிறதோ? உனக்கு விசர் பிடிச்சிருக்கே? பொலிசிலை பேர் விழுந்தா விசா என்னாகும்?"

சித்தப்பா ஒற்றைச் சப்பாத்தோடு நின்றபடி என்னைப் பார்த்தார். நான் சட்டையிலிருந்த நட்சத்திரத்தைப் பார்த்தேன்.

"ஓம் அண்ணை. பிழைதான்," என்றார்.

விசா வரும்வரை அவர் ஒனிஹங்காவில் ஒரு நண்பரோடு இருப்பது நல்லது என்று அப்பா முடிவு செய்தார். அதில் கோபத்தைவிடப் பயமே அதிகம் என்று இப்போது தெரிகிறது. விசா வந்தது. சித்தப்பா வரவில்லை. பிறகு மெல்பேர்ன் போனார். கலியாணவீடுகளில் சந்தித்தபோதெல்லாம் என் படிப்பைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் விசாரித்தார், அந்தக் கத்தியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. கடைசியாக அவர் மாலை போட்ட படமாக வைக்கப்பட்டிருந்த மண்டபத்துக்குத்தான் போனேன்.

அவர் எங்கள் வீட்டை விட்டுப் புறப்பட்ட காலை நன்றாக நினைவிருக்கிறது. வாசற்படியில் குந்திச் சப்பாத்து நாடாவைக் கட்டி முடித்தார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, மடிந்திருந்த மூலையை நீவிவிட்டு, என்னிடம் நீட்டினார்.

"ஷெரிஃப் ஐயா, ஊரை விட்டுப் போறன். என்ரை சாமானைத் தாங்கோ."

நான் ஓடிப்போய்ப் பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து திறந்து காட்டினேன். உள்ளே யாரோ மறந்துவிட்டுப்போன நகவெட்டி மட்டும் கிடந்தது. அவர் தகரத்தை மூடினார். பிறகு, "பரவாயில்லை. துண்டு என்னட்டையே இருக்கட்டும்," என்று சொல்லி அட்டையை மறுபடி சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார்.

நண்பரின் கார் வீதி முனையில் திரும்பும்வரை கைகாட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு ஒரே சந்தோஷம். சித்தப்பாவுக்கு என்மேல் கோபமில்லை, விளையாட்டை இன்னும் விடவில்லை என்று நினைத்தேன்.