கூடப் போட்ட சிமெண்ட்

கட்டட இன்ஜினியராக இருபத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டேன். நல்ல சோதனை ரிசல்ட்டைப் பார்த்து வயிறு எரிந்தது அந்த ஒரு தடவைதான்.

தென்னூரில் நாலு மாடி ஆபீஸ். ஓனருக்கு ஊருக்கு வெளியே பாய்லர் பாகம் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. அவரிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி புதுசாக ஒரு கணக்குக் கேட்டது. கட்டப்போகும் ஆபீஸுக்கான சிமெண்டும் கம்பியும் தயாராகும்போது எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கிறது? அவர்கள் சொன்ன அளவைத் தாண்டினால் அடுத்த வருஷ ஆர்டர் கிடையாது. ஓனர் என்னிடம் வந்தார்.

"கார்பனும் கொறையணும், செலவும் ஏறக் கூடாது மேடம். எப்படியாவது பண்ணிக் குடுங்க."

எப்படியாவதாம்! அந்த வார்த்தையோடு ஏழு மாதம் மல்லுக்கட்டினேன். தூண்களை நெருக்கி வைத்தால் கம்பி மிச்சமாகும் என்றேன். கார் நிறுத்த இடம் போய்விடும் என்று முகம் சுளித்தார். கண்ணாடி முகப்பு வேண்டாம் என்றேன், "அப்புறம் ஆபீஸ்னு எப்படித் தெரியும்?" என்றார். ஒரு கம்பிக்கு ஒரு மணி நேரம் பேரம் பேசுவார். கடைசியில் இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்டுக்கு வந்து நின்றோம். விலை ஏறாது, கார்பன் நன்றாகக் குறையும். ஆனால் மெதுவாகத்தான் இறுகும். கான்கிரீட் போட்ட ஏழாம் நாள் சோதனையில் வலு குறைவாகத்தான் காட்டும், போகப் போக ஏறிவிடும்.

கடைசித் தளமும் போட்டு முடிந்த பிறகு, கார்பன் கணக்கில் கையெழுத்துப் போடுவதற்காக எல்லாச் சோதனைத் தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அதுவரை 'பாஸ்' என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் ஏழாம் நாள் வலு எகிறிக் கிடந்தது. இந்தச் சிமெண்டுக்கு அப்படி வரவே வராது.

சைட்டுக்குப் போய் மேஸ்திரியைக் கேட்டேன். "கலவையில என்னண்ணே பண்ணீங்க?"

"வெளுத்துப் போய் இருந்துச்சும்மா. எனக்கு மனசே கேக்கல. ஓனர் சார்ட்ட சொன்னேன். கலவைக்கு அரை மூட்டை, நாம வழக்கமா போடுற சிமெண்ட் கூடப் போடச் சொல்லி அவருதான் அனுப்பிச்சாரு. உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு..."

அவரைத் திட்டிக்கொண்டு நிற்கவில்லை. நேரே ஓனரிடம் போனேன். அவர் மறுக்கவில்லை.

"எம் பொண்ணு உக்காரப் போற எடம் மேடம். மேஸ்திரியே வந்து பயந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பழைய கணக்கையே அனுப்பிடுவோமே. யாரு ஒடைச்சுப் பாக்கப் போறா?" என்றார்.

முடியாது என்று சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்தில் வீடு வந்து சேர்ந்தேன். போட்ட மூட்டையெல்லாம் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டேன். கார்பன் அளவைத் தாண்டியது, ஆனால் கொஞ்சம்தான். எங்கேயாவது வழி கிடைக்காதா என்று என் பழைய டிசைன் தாள்களைப் புரட்டினேன். எட்டு எம்.எம். கம்பி போதும் என்று நானே கணக்குப் போட்டிருந்த இடங்களில் வரைபடத்தில் பத்து எம்.எம். இருந்தது. நாலு தளத்திலும். என் கையெழுத்துதான். யாரும் கேட்காமலே, பழகாத சிமெண்ட் என்ற பயத்தில் நானே தடியாக்கியிருந்தேன். எட்டு எம்.எம். போட்டிருந்தால், அவர் கூடப் போட்ட சிமெண்டோடும் கட்டடம் அளவுக்குள் நின்றிருக்கும்.

மறுநாள் அதை அவரிடம் சொன்னேன். மறைத்துவிடலாமா என்று வழி நெடுக யோசித்துக்கொண்டுதான் போனேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் என் டிசைன் கணக்கையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நான் பயப்படலாம் மேடம், எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச நீங்களே பயந்தா எப்படிங்க?"

அளவைத் தாண்டிய கணக்கிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.