கழுதைக்கு மீசை வைத்த அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அக்கா மகள் சொன்னபோது முதலில் மறுத்தேன். மின்வாரியத்தில் கம்பம் ஏறி இறங்கியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். எழுதியது என்று பார்த்தால் லீவு லெட்டர்தான் அதிகம்.

"லீவு லெட்டரும் கதைதானே மாமா? அது மாதிரியே எழுதுங்க" என்றாள். அவளுக்கு அப்படியே அவள் அம்மாவின் வாய். அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. பிழையிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது அறந்தாங்கிக்கு மேற்கே உள்ள எங்கள் பூர்வீக ஊரில். அப்பாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். எனக்கும் அக்காவுக்கும் மூன்று வயது வித்தியாசம். அக்காவுக்கு ஏழு வயது இருக்கும்போது, பொங்கலுக்காக அப்பா வீட்டுச் சுவர் முழுவதும் சுண்ணாம்பு அடித்து முடித்தார். மறுநாள் காலையில் பார்த்தால் வாசல் பக்கச் சுவரில் அடுப்புக்கரியால் வரிசையாக ஏழு கோழிகள். அப்பா வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தார். ஓங்கிய கை பாதியில் நின்றது.

"ஏண்டி, இதுல ஒரு கோழிக்குத் தலையவே காணமே?"

"அது தூங்குதுப்பா. தலைய றெக்கைக்குள்ள வச்சிருக்கு."

அப்பா குனிந்து பார்த்தார். பிறகு குச்சியைத் தூர எறிந்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அந்தக் கோழிகளை விட்டுவிட்டுச் சுற்றிவர அடித்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அப்பா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்கா ஆசிரியர் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டார். எங்கள் பெரியப்பாவுக்கு அதில் சம்மதமில்லை. பெண் பிள்ளையைப் புதுக்கோட்டையில் தங்கவைத்துப் படிக்கவைப்பதா என்று ஒரு நாள் முழுக்க அப்பாவிடம் வாதாடினார். அப்பா கடைசியாகச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வீட்டுல சுவரு தீந்துபோச்சுண்ணே. பள்ளிக்கூடத்துலன்னா கரும்பலகை இருக்கும். போயிட்டு வரட்டும்."

பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த காலத்தில் அக்காவுக்குத் திருமணம் ஆனது. அத்தான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். திருமணமான இரண்டாம் ஆண்டில் சவுதிக்குப் போனார். அத்தானுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "உள்ளத எழுதுங்க மாப்ள" என்றார். அக்கா பக்கம் பக்கமாக எழுதிய முதல் கடிதத்தைப் படித்து முடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆயிற்றாம். அதைக் கேட்ட பிறகு அக்கா, எழுத்தைக் குறைத்துப் படத்தைக் கூட்டினார். வீட்டில் நடந்ததையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்து, கீழே ஒரு வரி எழுதி அனுப்பினார்.

ஒருமுறை எங்கள் வெள்ளாடு கூரை மேல் ஏறிவிட்ட கதையை வரைந்தார். ஆடு ஏறியதோடு தாள் முடிந்துவிட்டது. மீதியை அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று இருந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து அத்தானின் கடித உறைக்குள் இன்னொரு சீட்டும் இருந்தது. "அன்புச் சகோதரிக்கு, உங்கள் வீட்டுக்காரருடன் ஒரே ரூமில் தங்கியிருக்கும் எட்டுப் பேரும் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். ஆடு இறங்கியதா? உடனே தெரிவிக்கவும்."

அந்த எட்டுப் பேர்தான் அக்காவின் முதல் வாசகர்கள். கதையைக் காத்திருந்து கேட்க ஆள் இருக்கிறது என்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு கட்டுமாவடிப் பக்கம் கடலோர ஊர் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் வேலை கிடைத்தது. கைக்குழந்தையான மகளை எங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு, தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். அத்தான் தூரதேசத்தில், குழந்தை ஓரிடத்தில், வேலை ஓரிடத்தில் என்று அக்கா அலைந்த ஆண்டுகள் அவை. பஸ்ஸில் இடம் கிடைத்தால் வரைவார். வரைந்துகொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, வெயிலில் திரும்பி நடந்த நாள்கள் உண்டு.

அந்தப் பள்ளியில் ஒரு சிறுமி பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம்: "டீச்சர், பனி இருக்கு, ஆப்பிள் இருக்கு. ஒரு நண்டு கூட இல்லையே?" அந்தக் கேள்விக்காக எழுதியதுதான் நண்டுக் கதை. படங்களும் அக்காவே வரைந்து சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். கதை பிடித்திருக்கிறது, படத்தை எங்கள் ஓவியர் போடுவார் என்று பதில் வந்தது. ஒப்புக்கொண்டார். மாதிரிப் பக்கங்கள் வந்த அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன். நண்டு செக்கச்செவேல் என்று, கண்ணிமையோடு, அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அதற்கு ஆறே கால்கள்.

அக்கா திருத்தச் சொல்லி எழுதினார். குழந்தைகளுக்கு இது போதும் என்று பதில் வந்தது. "நண்டுக்குக் கொடுக்கோடு சேர்த்துப் பத்துக் கால். காலைக் குறைப்பதானால் கதையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்" என்று எழுதிப்போட்டார். அவர்களும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அக்கா அழுதார்.

"நாலு காலுக்காகவா அழுகுற?" என்று கேட்டேன்.

"புள்ளைக எண்ணிப் பாக்கும்டா" என்றார்.

நான்கு ஆண்டுகள் அந்தக் கதை டிரங்குப் பெட்டியில் கிடந்தது. கடைசியில் தஞ்சாவூரில் சிறிய அளவில் புத்தகம் போடும் ஒருவர், படத்தோடு சேர்த்துத்தான் கதையே இருக்கிறது என்று சொல்லி அப்படியே அச்சிட்டார். புத்தகம் வந்ததும் வகுப்புப் பிள்ளைகள் செய்த முதல் காரியம் காலை எண்ணியதுதான். பத்தும் சரியாக இருந்தது.

இரண்டாவது புத்தகத்தில்தான் வம்பு வந்தது.

கட்டுமாவடியில் மீன் ஏலம் விடும் அண்ணன் ஒருவர். ஏலக்காரர் என்றே சொல்கிறேன். அவர் குரல் எழுப்பினால் மீமிசல் வரை கேட்கும் என்பார்கள். காதைத் தொடும் மீசை. அக்கா எழுதிய கதையில் மீன் ஏலம் கூறும் கழுதை ஒன்று இருந்தது. அதற்கு மெதுவாகப் பேசவே வராது. கரையில் அதன் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய குழந்தை ஒன்றை உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே சத்தமே இல்லாததால் குழந்தைக்குத் தூக்கம் வரவில்லை. கழுதையை அழைத்துவந்து கத்தவிட்ட பிறகுதான் தூங்குகிறது. நல்ல கதை. ஆனால் கழுதைக்கு அக்கா மீசை வைத்துவிட்டார். அதுவும் ஏலக்காரருடைய அதே மீசை. கரை முழுவதும் அடையாளம் கண்டுகொண்டது.

ஒரு நாள் மதியம், பள்ளியின் மெயின் சுவிட்சைப் பார்க்க நான் ஏணி மேல் நின்றிருந்தேன். ஏலக்காரர் இரண்டு பேரோடு உள்ளே வந்தார். கையில் சுருட்டிய புத்தகம்.

"டீச்சர், இது யாரு?"

"கழுதைங்க" என்றார் அக்கா.

"கழுதைக்கு எதுக்குங்க மீசை?"

நான் ஏணியில் அப்படியே நின்றுவிட்டேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்கட்டும் என்று சாமியை வேண்டினேன். அக்கா சமாளிக்கவில்லை.

"ஒங்க மீசைதாண்ணே. ரொம்ப நாளாப் பாத்துப் பாத்துத்தான் வரஞ்சேன். ஒங்களக் கேக்காம வரஞ்சது என் தப்பு."

"கரையில ஒரு பய மதிக்க மாட்டேங்கிறான். ஏலம் கூறுனா அங்கிட்டு நின்னு கழுதை மாதிரிக் கத்துறாய்ங்க. கல்வி ஆபீஸுக்கு மனு ரெடி பண்ணிட்டேன். ஒங்கள வேற ஊருக்கு மாத்துனாத்தான் சரிவரும்."

அந்தப் பள்ளியை விட்டுப் போவது அவருக்குச் சாதாரண விஷயம் இல்லை. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"மனுவக் குடுங்கண்ணே. நான் வேணாங்கல. ஆனா ஒரு தடவ கதைய முழுசாப் படிச்சிட்டுக் குடுங்க."

ஏலக்காரர் கூட வந்தவர்களை வெளியே நிற்கச் சொன்னார். பிறகு எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்: "எனக்குப் படிக்க வராது டீச்சர்."

அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரை உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினார். முதல் சில பக்கங்களுக்கு அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குத் தூக்கம் வராத இடத்தில் திரும்பினார். கழுதை ஏலம் கூறுகிற பக்கத்தில் அக்கா தன்னால் முடிந்த அளவு கத்திப் படித்தார்.

"ஏலம் இப்புடியா கூறுவாக? இங்கிட்டுக் குடுங்க" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டார் ஏலக்காரர். அதில் உள்ள எழுத்து அவருக்குத் தெரியாது. படத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்று, வஞ்சிரத்துக்கும் வாளைக்கும் விலை கூறுவதுபோல ஒரு குரல் விட்டார். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். நான் நின்ற ஏணியே ஆடியது. "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று பிள்ளைகள் விடவில்லை. மூன்று முறை கூறினார்.

போகும்போது சட்டைப்பையிலிருந்த மனுவை எடுத்து அக்காவிடமே கொடுத்தார்.

"மறுபடி அச்சுப் போட்டா மீசைய இன்னுங் கொஞ்சம் மேல முறுக்கிவிடுங்க டீச்சர்."

இரண்டாம் பதிப்பில் மீசை மேலே ஏறியது. அதற்குப் பிறகு பள்ளி ஆண்டுவிழா ஒவ்வொன்றிலும் கழுதைக் கதையை அவரே நடித்துக் காட்டினார். அக்கா மட்டும் அன்றைக்கு உள்ளுக்குள் நொந்துபோனார் என்பதை நான் அறிவேன். "சிரிப்புக் காட்டுறோம்னு ஒரு மனுசனக் கூனிக்குறுக வச்சிட்டேனேடா" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பின் யாரை வரைந்தாலும் முதலில் அவரிடமே காட்டிக் கேட்டுவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுப்பார்.

மொத்தம் ஒன்பது புத்தகங்கள். பரிசுகளும் வந்தன. சால்வைகளை வேலைக்காரம்மாவும் நாங்களும் போர்த்திக்கொண்டோம். சமையலில் அக்காவுக்குக் கைவரவில்லை என்பதையும் உண்மை கருதி எழுத வேண்டியிருக்கிறது. கொதிக்கிற சாம்பாரின் குமிழை வரையப் போய்ப் பாத்திரத்தையே கருக்கியவர். சவுதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிய அத்தான், வந்த மூன்றாம் நாளே அடுப்படிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அதன்பின் அந்த வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

ஓய்வுபெற்ற சில ஆண்டுகளில் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள் புதுக்கோட்டையில் டயாலிசிஸ். முதல் நாள் அந்த இயந்திரத்தைப் பார்த்து நாங்கள் கலங்கி நின்றோம். இரண்டாவது வாரம் அக்கா அதை ஓர் எருமையாக வரைந்துவிட்டார். "என் ரத்தத்தக் குடிச்சிட்டு, கழுவித் திருப்பிக் குடுக்குது பாரு. எந்த எருமை இப்புடிச் செய்யும்?" என்றார். மருத்துவமனை ஊழியர்கள் படத்தை வாங்கிச் சுவரில் ஒட்டினார்கள். புதிதாக வரும் நோயாளிகளிடம் "எருமைகிட்ட வாங்க" என்று அவர்கள் கூப்பிடும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

கடைசி நாள் காலையில் டீ குடித்துவிட்டு, பென்சிலைச் சீவித் தரும்படி அத்தானிடம் கேட்டார். அவர் சீவிக்கொண்டு வருவதற்குள் அக்கா கண்ணை மூடியிருந்தார். முகத்தில் வேதனை எதுவும் இல்லை. அந்த ஆறுதல் எங்களுக்குப் போதும்.

அக்காவை நான்கு ஆண்டுகள் தம் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அழைத்த நேரத்துக்கெல்லாம் வண்டி எடுத்துவந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், தஞ்சாவூர்ப் பதிப்பாளர் ஐயாவுக்கும், அன்று கடலுக்குப் போகாமல் திரண்டு வந்து அக்காவை வழியனுப்பிய கரை மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். இறுதிவரை கூடவே இருந்து சோறு ஊட்டிய அத்தானுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். போன மாதம் அக்காவின் புத்தகங்களைக் கொடுப்பதற்காகக் கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளிக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் ஏறிய மயிலைப் பற்றி அக்கா எழுதிய புத்தகம் அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. அட்டை பிய்ந்து, ஓரமெல்லாம் சுருண்டு, கடைசிப் பக்கமே இல்லாமல் கிடந்தது. ஆசிரியைக்குச் சங்கடமாகிவிட்டது. "மன்னிச்சிருங்க சார், யாரு கிழிச்சதுன்னே தெரியல" என்றார். எனக்கும் மனசு வலிக்கத்தான் செய்தது.

எதையாவது பேச வேண்டுமே என்று பிள்ளைகளிடம் கேட்டேன்: "கடைசிப் பக்கந்தான் இல்லையே, மயிலு என்ன ஆச்சுன்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"தோகைய டிக்கெட்டாக் குடுத்துட்டு எறங்கிருச்சு!"

"இல்ல சார், அதான் இப்ப டிரைவரு!"

"எறங்கவே இல்ல. இன்னும் போயிக்கிட்டே இருக்கு!"

ஒருத்தி எழுந்து கரும்பலகையில் வரைந்தே காட்டினாள். வகுப்பு முழுவதும் சண்டை. ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தார்கள், ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. என் பையில் புதுப் புத்தகம் இருந்தது, அதில் கடைசிப் பக்கமும் இருந்தது. நான் அதை வெளியே எடுக்கவில்லை. மற்ற எட்டுப் புத்தகங்களையும் கொடுத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தைக் கிழித்த பிள்ளை யாரோ, அந்தப் பிள்ளைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

— தம்பி