தட்டச் சொன்ன அப்புச்சி

குழந்தைகள் வார்டில் நெஞ்சைத் தட்டிச் சளி எடுப்பது என் வேலை. போர்டில் பிசியோதெரபிஸ்ட் என்று போட்டிருந்தாலும் திருப்பூரில் என் பெயர் 'சளி தட்டற மேடம்'. அப்பேர்ப்பட்ட நான் பாதி சர்வீஸைத் தட்ட வேண்டாம் என்று சொல்லியே கழித்திருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதற்கும் தயாராக வர வேண்டும்.

மூன்று மாத ஆண் குழந்தை ஒன்று பிராங்கியோலைட்டிஸ் என்று அட்மிட் ஆனது. நுரையீரலின் சின்னஞ்சிறு குழாய்கள் வீங்கிச் சளி அடைக்கும் வைரஸ் நோய். இதற்குத் தட்டினால் பிள்ளை அழுது களைத்துப்போகும், அவ்வளவுதான். மருந்தைப் புகைபோல மூச்சில் ஏற்றும் நெபுலைசரும் பெரும்பாலும் உதவாது. மூக்கைச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் ஆக்சிஜன் வைத்து, பால் குடிக்க வைக்க வேண்டும். இந்தப் பிள்ளை மூக்கடைப்பால் காலையிலிருந்து பாலே குடிக்கவில்லை. இனியும் குடிக்காவிட்டால் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தாயைப் பெற்ற அப்புச்சி பனியன் கம்பெனி முதலாளி. பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் அவர் வீட்டில்தான் இருந்தாள். பிள்ளையை அழைத்துப்போக மறுநாள் மூலனூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று மனிதருக்கு நடுக்கம். நான் கட்டிலருகே நின்று பிள்ளையின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க மேடம், எங்க மெஷின்ல பஞ்சு அடைச்சா ஏர் அடிச்சா போயிருதுங்க. நீங்க என்னங்க தட்டாம சும்மா நின்னுட்டிருக்கறீங்க?"

பிள்ளை மெஷின் இல்லை என்று பொறுமையாகச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் காரிலிருந்து சொந்த நெபுலைசரைக் கொண்டுவந்து, பிள்ளை முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்திருந்தார். யார் வீட்டுப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த மருந்தோ! பிள்ளை வீறிட்டு அழுது ஆக்சிஜன் அளவு இறங்கிவிட்டது. அப்பாவைத் தடுக்க முடியாமல் மகளும் அழுதுகொண்டிருந்தாள். வந்த ஆத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கி, மெஷினை அவர் கையிலேயே கொடுத்து வெளியே நிற்கச் சொன்னேன்.

ஆக்சிஜன் வைத்துப் பிள்ளை தேறியதும் நர்ஸ் மூக்கில் சலைன் சொட்டு விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தார். கொஞ்சம் பால் குடித்ததும் மார்பிலிருந்து எடுத்துவிட்டு, மூச்சு ஆறியபின் மறுபடி கொடுக்கும்படி மகளிடம் சொன்னேன். அவள் அப்படியே செய்தாள். பிள்ளை குடித்தது. குழாய்க்கு வேலை வரவில்லை.

மறுநாள் வந்த சம்பந்தியம்மாவிடம், மேடம் தட்டித் தட்டிச் சளியை எடுத்துவிட்டதாக அப்புச்சி அளந்துகொண்டிருந்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான் தட்டவே இல்லை, மூக்கைச் சுத்தம் செய்து பால் குடிக்க வைத்தோம் என்றேன்.

"இதுக்கா ஆஸ்பத்திரிங்க?" என்றார் சம்பந்தியம்மா.

மகள் நிமிர்ந்தாள்.

"ஆமாங்கத்தை. ஊட்ல என்னால முடியாதது அதுதானுங்க."

எங்கள் பேச்சுக்கு அடங்காத அப்புச்சி மகள் பேச்சுக்கு அடங்கினார். அன்றிலிருந்து எந்தப் பிள்ளை வந்தாலும், பால் கொடுக்கிறவளிடம் முதலில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டுத்தான் மற்றவர்கள் பக்கம் திரும்புகிறேன்.