படிக்குக் கீழே நின்று கேட்ட மன்னிப்பு

இலங்கை சுதந்திரம் பெற்று நாலைந்து வருடம் ஆகியிருந்த ஒரு மாசி மாதம். லிந்துலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடுகிற காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. நான்தான் ரதி. சாதாரணமாக நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். சேலை கட்டி, முகத்தில் அரிதாரம் பூசிவிட்டால் மட்டும் எங்கிருந்தோ தைரியம் வந்துவிடும்.

கூத்தில் கோமாளியாக வருகிறவர் பணிய லயத்துக்காரர். லயம் என்பது தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசை அறைகள்; பணிய லயம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலத்தைத் தாண்டிக் கீழே இருப்பது. அங்கே இருப்பவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கி வைத்திருந்தார்கள். கோயில் படியில் அவர்கள் கால் வைக்கக் கூடாது. மாரியம்மன் தேர் எல்லா லயங்களையும் சுற்றும், பாலத்தடிக்கு வந்ததும் திரும்பிவிடும். பணிய லயத்துப் பெண்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் தேங்காய், பழத் தட்டோடு நின்று, திரும்பிப் போகிற தேரின் முதுகுக்குக் கற்பூரம் காட்டுவார்கள்.

ஆனால் காமன் கூத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கடைசி நாள் பகலில் ரதியும் மன்மதனும் தப்பு மேளம் முழங்க எல்லா லயத்துக்கும் போவோம், பணிய லயத்துக்கும் போவோம். கூட வருகிற கோமாளி அன்றைக்கு யாரை வேண்டுமானாலும் கேலி செய்யலாம். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையைப் போல நடந்து காட்டுவார். கணக்கப்பிள்ளையைப் போல மூக்கை உறிஞ்சுவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த வருடம் பாலத்தடிக்கு வந்ததும் கோமாளி நின்றார். தோட்டத்து ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணியும் கூட்டத்தில் இருந்தார். கோயிலுக்குப் பொறுப்பு அவர்தான். தேருக்கு முன்னால் கைத்தடி ஊன்றி நடந்து, பாலத்தடியில் தடியைத் தூக்கித் திருப்பிவிடுகிறவரும் அவரே.

"எரிஞ்சு சாம்பலாப் போகப்போற மன்மதனே எங்க லயத்துக்கு நடந்து வர்றாரு. ஆத்தாளுக்கு மட்டும் இந்தப் பாலத்தக் கண்டா ஏன்டா முழங்கால் வலிக்குது?" என்று கேட்ட கோமாளி, ஒரு குச்சியை ஊன்றி நொண்டி நொண்டி வந்து, பாலத்தடியில் குச்சியைத் தூக்கித் திரும்பிக் காட்டினார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் தப்பே நின்றுபோனது. "முழங்கால் வலி ஆத்தாளுக்கா, கங்காணியாருக்கா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெரிய கங்காணியும் சிரித்தார். மறுநாள் காலையில் டவுன் பொலிசுக்குப் போய், அம்மனை இழிவாகப் பேசிவிட்டான் என்று புகார் கொடுத்தார்.

கோமாளியை அழைத்துப் போனார்கள். பக்கத்தில் நின்றவன் என்று என்னையும் வரச் சொன்னார்கள். கங்காணியும் அங்கே வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் சிங்களவர். அவர் கேட்டதை எங்கள் கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார்.

"அம்மனுக்கு முழங்கால் வலின்னு சொன்னியா?"

"சொன்னேங்க."

"மத்தவங்க மத உணர்ச்சியைப் புண்படுத்துறதுக்குன்னே பேசினா குத்தம். சட்டத்துல இருக்கு. ஜெயிலுக்குப் போகணும். தெரியுமா?"

"கூத்துல பேசினதுங்க. கூத்துல சிவனையே ஏசுவோம்" என்று கோமாளி என்னைக் காட்டினார். "புருசன எரிச்சிட்டாருன்னு இந்த ரதி வருசா வருசம் சிவனப் பிடிச்சு ஏசுதுங்களே. கங்காணியாரும் முன்வரிசையில உக்காந்து கேக்குறாருங்க. அவருக்கு ஒரு நாளும் புண்படலையே?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அரிதாரம் இல்லாத முகத்தோடு நின்ற எனக்கு வியர்த்துவிட்டது. "ஆமாங்க, ஏசுவேன்" என்று மட்டும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கங்காணியைப் பார்த்தார்.

"அது கதைங்க. இது வேற" என்றார் கங்காணி.

எது வேறு என்று யாரும் கேட்கவில்லை. வழக்குப் போட்டால் கோர்ட்டில் என்ன தீர்ப்பு வந்திருக்குமோ தெரியாது. ஆனால் கோர்ட் வரைக்கும் போகவே வேண்டியதில்லை. வழக்கு என்று ஒன்று வந்தாலே தோட்டத்தில் பத்துச்சீட்டைக் கிழித்துக் கொடுத்து வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். வேலையும் போகும், குடியிருக்கிற லயத்து அறையும் போகும். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிப் பறித்துவிட்டதால் எங்களுக்கு ஓட்டும் இல்லை, பிரஜாவுரிமையும் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? கோயிலில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கங்காணி சொன்னார். கோமாளி தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் முன்னால் தோட்டமே கூடியிருந்தது. கோமாளி குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்தார். மன்னிப்பு கோயிலில் என்றுதானே சொன்னார்கள் என்று முதல் படியில் கால் வைக்கப் போனார்.

"டேய், அங்கேயே நில்லு!" என்று மேலிருந்து கங்காணி அதட்டினார்.

கோமாளி காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அவருடைய மனைவி கொஞ்சம் தள்ளி, தேயிலைச் செடியோரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கேருந்தே சொல்லு. சத்தமாச் சொல்லு. ஆத்தாளுக்குக் கேக்கணும்" என்றார் கங்காணி.

கோமாளி கும்பிட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தார். "இங்கேருந்து சொன்னா கேக்குங்களா?"

கேலியா, உண்மையாகவே கேட்டாரா, இன்று வரை எனக்குத் தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. கங்காணி கைத்தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "கேக்கும், கேக்கும். சொல்லு" என்றார்.

"அப்ப ஆத்தா இத்தன வருசமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா" என்று கோமாளி முணுமுணுத்தார். கீழ்ப்படியில் நின்ற என் காதில் அது விழுந்தது. அப்புறம் தொண்டை கிழிய, "ஆத்தா, நான் பேசினது தப்பு, மன்னிச்சுக்க" என்று கத்தினார். எதிர் மலையில் பட்டு அது திரும்பி வந்தது.

வேலை போகவில்லை, அறையும் போகவில்லை. அடுத்த மாசியில் கோமாளி வேஷம் கட்டச் சொல்லிக் கேட்டபோது, "நமக்கெதுக்குங்க" என்று தப்பை எடுத்துக்கொண்டார். வேறொருவர் கோமாளியானார். குடிகாரனையும் மாமியாரையும் மட்டும் கேலி செய்தார். ஜனங்கள் அதற்கும் சிரித்தார்கள்.

நான் ரதியாக நின்று எப்போதும்போலச் சிவனை ஏசினேன். கங்காணி முன்வரிசையில் உட்கார்ந்து, கண் கலங்கி ரசித்தார்.

தேர் இன்னும் பாலத்தடியில்தான் திரும்புகிறது. மத உணர்ச்சியைப் புண்படுத்துவது குற்றம் என்று அன்று இன்ஸ்பெக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை; தேரின் முதுகைப் பார்த்துக் கற்பூரம் கொளுத்துகிற அந்தப் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் எந்தப் பொலிசில் போய்ப் புகார் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.