கண்ணை யாரும் புவாங் பண்ணவில்லை

1. வராத பேஷண்ட்

காலையிலிருந்து கிளினிக் வாசலுக்குப் போய்ப் போய்க் கூப்பிட்டேன். "மாரியாயி! மாரியாயி அக்கா வந்தாச்சா?" ஆளைக் காணோம். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கண் ஸ்பெஷலிஸ்ட் மாதத்துக்கு ஒருநாள்தான் கோலசிலாங்கூருக்கு வருவார். சாயங்காலம் கிளம்பினால் இனி அடுத்த மாதம்தான். மாரியாயி அக்காவின் கண் அதுவரை தாங்காது என்று எங்கள் மலாய்க்கார டாக்டர் பயந்தார்.

அது எண்பதுகளின் மலேசியா. நான் அந்த ஊர் ஆஸ்பத்திரியின் ஓ.பி.டி.யில், அதாவது வெளிநோயாளிப் பிரிவில், நர்ஸ். தோட்டத்து ஜனங்களுக்கு எல்லா நர்ஸும் மிஸ்ஸிதான், ஆனால் என்னை மட்டும் 'கண்ணு மிஸ்ஸி' என்பார்கள். கண் கிளினிக் நடக்கும் நாளில் டார்ச் லைட்டும் கையுமாக நிற்பவள் நான். அந்தப் பட்டப்பெயரில் எனக்குக் கர்வம் உண்டு. ரிட்டையர் ஆன பிறகும் அது குறையவில்லை.

இளம் நர்ஸ்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வெள்ளை விழியின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. அதுதான் கான்ஜங்டைவா. கண் நோவு வந்து சிவப்பதும் பீளை தள்ளுவதும் அதில்தான். வருஷக்கணக்கில் வெயிலில் வேலை செய்பவர்களுக்கு அந்தத் தோல் தடித்து, பெரும்பாலும் மூக்குப் பக்கமிருந்து, கருவிழியை நோக்கி முக்கோணமாக ஊர்ந்து வரும். எங்கள் பாஷையில் டெரிஜியம், தோட்டத்துக் குடியிருப்பான லயத்தின் பாஷையில் 'சதை'. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் பாதிப் பேருக்குச் சதை இருந்தது. அதனால் கண்ணில் எது வந்தாலும் "சதைதானே லா" என்று நந்தியாவட்டைச் சாற்றைப் பிழிந்து விட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

மாரியாயி அக்காவும் அப்படித்தான் இருந்தார். சுங்கை செம்பிலாங் போகிற வழியில் ஒரு தோட்டத்தில் உதிர்ந்து விழும் செம்பனைப் பழம் பொறுக்குபவர். அவர் கண்ணில் டார்ச் அடித்தபோது கருவிழியின் ஓரத்தில் மேடாக, ஜெல்லி போல ஒன்று இருந்தது. ரத்த நாளங்கள் அதைச் சுற்றிக் கூடியிருந்தன. டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "இது டெரிஜியம் மாதிரி இல்லை மிஸ்ஸி. கட்டியாக இருக்கலாம், கான்சராகவும் இருக்கலாம். இப்போதே எடுத்தால் கண் பிழைக்கும். விட்டால் உள்ளே போய்விடும்" என்றார். அதற்குள் கண்ணில் சுண்ணாம்பு பட்டு ஒருவர் அலறிக்கொண்டு வர, கழுவிவிட நான் ஓடினேன். அக்காவிடம் டாக்டரே பேசி, ஸ்பெஷலிஸ்ட் வரும் நாளில் வரச் சொல்லி அனுப்பினார்.

அந்த நாளில்தான் அக்கா வரவில்லை. டாக்டரிடம் போய் நின்றேன். "உங்கள் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா? போய் அழைத்து வாருங்கள். ஸ்பெஷலிஸ்டை நான் பேச்சுக் கொடுத்துப் பிடித்து வைக்கிறேன்" என்றார். வெள்ளை யூனிஃபார்மோடு மோட்டாரை எடுத்தேன்.

2. டாக்டர் சொன்னது, அக்கா கேட்டது

லயத்தில் அக்கா சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புருஷன் முனியாண்டி அண்ணன்தான் எழுந்து வந்தார்.

"வாங்க மிஸ்ஸி. தண்ணி குடிச்சிட்டுப் போங்க. இவ வரமாட்டா."

"ஏன்ணே? டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு."

"காத்துக்கிட்டு இருப்பாரு லா. கண்ணப் புடுங்கி வீசுறதுக்கு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு சொன்னா?"

அக்கா வெடித்தார். "டாக்டரே சொன்னாரு மிஸ்ஸி! 'மாத்தா நி கெனா புவாங்'னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. எனக்கு அந்த அளவுக்குக் கூடவா மலாய் தெரியாது? ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு நான் எப்புடிச் செம்பனைக்குள்ள போவேன்? முள்ளு எங்க, பாம்பு எங்கன்னு எப்புடிப் பாப்பேன்? செத்தாலும் ரெண்டு கண்ணோட சாவுறேன், விடுங்க."

அங்கேயே விஷயம் விளங்கிவிட்டது. டாக்டர் சொல்லியிருப்பது, 'கெதும்புஹான் டெக்காட் மாத்தா நி கெனா புவாங்.' கண்ணில் இருக்கும் கட்டியை அகற்ற வேண்டும் என்று அர்த்தம். கட்டியைக் குறிக்கும் 'கெதும்புஹான்' என்ற ஆஸ்பத்திரிச் சொல் அக்கா காதில் ஏறவில்லை. மாத்தா தெரியும், கண். புவாங்கும் நன்றாகத் தெரியும். குப்பையைப் புவாங் என்றால் குப்பை போச்சு. வேலையை விட்டுப் புவாங் என்றால் சோறு போச்சு. தோட்டத்தில் புவாங் என்று போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட சொல்லைக் கண்ணோடு சேர்த்துக் கேட்டால் யார்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவார்கள்?

லயம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. சதை வளர்ந்த மற்றவர்களும் இனி ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டோம் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

3. பாவாங்

நான் வாயால் சொன்னது எதுவும் ஏறவில்லை. "மிஸ்ஸி அப்புடித்தான் சொல்லுவாங்க" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வேறு வந்தது. எனக்குக் கோபம் வந்தது. முறத்திலிருந்து உரித்த வெங்காயம் ஒன்றை எடுத்து அக்கா முன்னால் உட்கார்ந்தேன்.

"அக்கா, இத உங்க கண்ணுன்னு வச்சிக்குங்க." அம்மியில் அரைத்து வைத்திருந்த மிளகாயை ஒரு பொட்டு எடுத்து அதன்மேல் வைத்தேன். "இதுதான் அந்தக் கட்டி. இப்பப் பாருங்க." பொட்டுக்குப் பக்கத்தில் நகத்தால் கீறி, வெங்காயத்தின் மேல் ஒட்டியிருக்கும் அந்தக் கண்ணாடித் தோலை மட்டும் மிளகாயோடு சேர்த்து உரித்தேன். வெங்காயம் பளபளவென்று முழுசாக இருந்தது.

"டாக்டர் புவாங் பண்ணப்போறது இந்தத் தோலத்தான். கண்ண இல்ல. ஆனா போகாம விட்டீங்கன்னா மிளகா உள்ள எறங்கிரும். அப்புறம் நெசமாவே கண்ண எடுக்க வேண்டி வரும்."

அக்கா வெங்காயத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முனியாண்டி அண்ணனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "அட, இது புவாங் இல்லடி, பாவாங்!" வெங்காயத்துக்கு மலாயில் பாவாங். லயமே சிரித்தது. அக்காவும் சிரித்தார், அழுதார். வெங்காயம்தான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க கூடவே இருப்பீங்களா மிஸ்ஸி?"

"டார்ச்ச நான்தான்க்கா புடிப்பேன்."

சேலையை மாற்றிக்கொண்டு என் மோட்டாரின் பின்னால் ஏறினார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்பெஷலிஸ்டின் கார் இன்னும் நின்றது. டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ஸ்பெஷலிஸ்ட் பார்த்த கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே கட்டியைச் சுற்றி நல்ல தோலும் கொஞ்சம் சேர்த்து எடுத்து, மிச்சம் மீதி இருந்தால் செத்துப்போகட்டும் என்று ஓரங்களைக் கடுங்குளிரால் உறையவைத்தார்கள். பயாப்சியில் கான்சர் என்றுதான் வந்தது. ஆனால் உள்ளே இறங்கவில்லை.

திரும்பி வந்து எங்கள் கிளினிக்கில் கண் கட்டைப் பிரித்தபோது அக்கா நல்ல கண்ணை மூடிக்கொண்டு, மற்றதால் என்னை உற்றுப் பார்த்தார். "என்னா மிஸ்ஸி, காதோரம் நரச்சிருச்சே!" என் நரையை ஒருவர் கண்டுபிடித்து நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

அதற்கப்புறம் தோட்டத்து ஆட்கள் கண்ணைக் காட்டத் தாங்களாகவே வந்தார்கள். நான் கற்ற பாடம் இதுதான்: எது போகப்போகிறது என்று சொல்வதற்கு முன், எது இருக்கப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். டாக்டரிடமும் இதைச் சொன்னேன். அவர் என்னிடம் இரண்டு தமிழ்ச் சொல் கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டார். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்வரை, எந்தத் தமிழ் பேஷண்ட் வந்து உட்கார்ந்தாலும், கண்ணைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, தன் மலாய் நாக்கால் அதைத்தான் முதலில் சொல்வார்:

"கண்ணு இருக்கும்."